ஓ.எம்.ஆரில் மென்பொருள் எழுதும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கைகளுக்கு,

மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அண்ணன் எழுதுகிறேன். உங்களில் நிறையப் பேர் காலேஜ் பிராஜெக்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டது என் கடையில்தான். ஆளுக்கு நாலு காப்பி. நாலாவது காப்பிக்குக் கடன் சொன்னவர்களும் உண்டு. அதை விடுங்கள்.

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அப்புறம் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்திருந்த நேரம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது, நெட் வரவில்லை. ஒரு பெரியவர் காரியப் பத்திரிகை அடிக்க வந்தார். கல்யாணம் என்றால் நாள் தள்ளலாம், பதினாறாம் நாளைத் தள்ள முடியுமா?

மாதச் சந்தா கட்டி வைத்திருக்கும் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தேன். பெயர் வேண்டாம். கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை, இணையத்தில் இணையுங்கள் என்று ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. அந்த மாதப் பணம் கட்டியாகிவிட்டது. பெட்டியில் இருந்தது ஒரே பட்டன், 'மீண்டும் முயற்சி'. ஆறு தடவை அமுக்கினேன். பெரியவர் ஈர வேட்டியோடு ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் எக்ஸ்பி போட்ட பழைய கணினி ஒன்று. அதில் பக்கம் வடிவமைக்கும் பழைய சாஃப்ட்வேர், பேஜ்மேக்கர் 7. 2001இல் வந்தது, அதற்கு மேல் எட்டு, ஒன்பது என்று எதுவும் வரவில்லை. யாரையும் கேட்காமல் திறந்தது. கறுப்பு பார்டர் வைத்து நூறு காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

அதற்காகப் பழசே பொன் என்று சொல்லவில்லை. பேஜ்மேக்கரில் தமிழ் யூனிகோடு, அதாவது இப்போது போனில் அடிக்கும் எழுத்து, வேலைக்கு ஆகாது. வாட்ஸ்அப்பில் வரும் சொந்தக்காரர் பட்டியலைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். 'ஸ்ரீ' இருந்த இடத்தில் கட்டம் நிற்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் திருத்த வேண்டும். ஆனாலும் அந்தக் கணினியின் சாவி என் கையில் இருந்தது.

இப்போது எல்லாச் சாவியும் வெளியூரில். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பதினொன்றுக்குப் போக டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்தி. 2016இல் வாங்கிய கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, பட்டியலில்தான் இல்லை. சரி, புதிதாய் வாங்கலாம் என்றால் கணினியின் மெமரியான ராம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏ.ஐ. டேட்டா சென்டருக்கு விற்பதில்தான் காசு என்று மெமரி தயாரிப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான மைக்ரான் தன் குரூசியல் பிராண்டைச் சாதாரண ஆட்களுக்கு விற்பதையே விடப்போவதாக 2025 டிசம்பரில் சொல்லிவிட்டது. நீங்கள் ஏ.ஐ.யிடம் பூனைப் படம் கேட்டால் அதற்கு நானும் இங்கே மொய் எழுதுகிறேன்.

தேதியும் விலையும் உங்கள் முடிவு இல்லை, தெரியும். மேனேஜருக்கு மேல் மேனேஜர் இருப்பார். ஆனால் நெட் இல்லாதபோது என்ன செய்வது என்கிற அந்த நாலு வரியை உங்களில் ஒருவர்தான் எழுதுகிறார். ஏ.ஐ. எழுதினாலும் பார்த்துச் சரி என்று சொல்வது நீங்கள்தானே? பணம் கட்டியவனுக்கு நெட் போனால் பத்து நாளாவது திறந்துவிடுங்கள். கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மளிகைக் கடை அண்ணாச்சி அந்த வெள்ளத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார்.

பொங்கலுக்கு வருவீர்கள். சில்வர் பீச் போகும் வழியில் கடைக்கு ஒரு எட்டு வாருங்கள். நீங்கள் எழுதிய சாஃப்ட்வேரை என் கணினியில் போடுங்கள், நெட் ஒயரை நான் பிடுங்குகிறேன். என்ன ஆகிறது என்று சேர்ந்து பார்ப்போம். டீ என் செலவு. அந்த நாலாவது காப்பிப் பாக்கியையும் அப்போதே முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை அண்ணன்