வாங்குறது கேமா, அனுமதியா?

ஆசிரியருக்கு வணக்கம். டிஸ்க் டிரைவ் இல்லாத கேம் கன்சோல்தான் இனி எதிர்காலம்னு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். டவுன்லோட் வசதிங்கறதுல சண்டையே இல்ல, நானும்தான் பண்றேன், ராத்திரி 12 மணிக்கு புது கேம் வந்தா யாரு கடைக்கு ஓடுறது. ஆனா நாம காசு கொடுத்து வாங்குறது கேமை இல்ல, அதை விளையாடுற அனுமதியை மட்டும்தான், கட்டுரை அதைத் தொடவே இல்ல. நிண்டெண்டோ கம்பெனி 2023 மார்ச்ல 3டிஎஸ், வீ யூங்கற தன்னோட ரெண்டு கன்சோலோட ஆன்லைன் கடையிலயும் விற்பனையை நிறுத்திச்சு, 2024 ஜூலைல மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் கடையும் மூடியாச்சு, ஏற்கெனவே வாங்கினவங்க திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம், சரி, ஆனா டிஸ்க்காவோ கார்ட்ரிட்ஜாவோ வராத பல கேம்களை அந்த கன்சோல்களுக்கு இனிமே புதுசா வாங்க முடியாது.

என் பழைய மெயில் ஐடி போனதுல அந்தக் கணக்குல இருந்த கேம் அத்தனையும் போச்சு, எத்தனை தடவை எழுதியும் திரும்பக் கிடைக்கல. அதே காலத்துல வாங்கின டிஸ்க்கு, கீறல் விழுந்து அட்டை கிழிஞ்சு கிடந்தது, இப்ப அதுல அக்கா பையன் விளையாடிட்டு இருக்கான் (என்னை விட நல்லாவே).

டிஜிட்டலை வேணாம்னு சொல்லல. பிளேஸ்டேஷன் 5 ப்ரோ மாதிரி டிரைவை தனியாவாவது வாங்கி மாட்டிக்க எல்லா கன்சோல்லயும் வழி வைக்கட்டும். கலிஃபோர்னியாவுல 2025ல இருந்து, இது வெறும் லைசென்ஸ்தான்னு தெளிவா சொல்லாம 'வாங்குங்க'ன்னு பட்டன் வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதை மத்த அரசாங்கங்களும் கொண்டு வரணும்.

– ஒரு வாசகர்