சார்த்தரும் எங்கள் ஒழுங்கையும்

ஆசிரியருக்கு,

பிரெஞ்சுச் சிந்தனையாளர்களான சார்த்தரையும் காம்யுவையும் வாசித்தால் சந்தோஷம் நமக்குள்ளேயே இருப்பது விளங்கும் என்று சென்ற இதழ்க் கட்டுரை முடிகிறது. வாசிக்கச் சொன்னது நல்லது. ஆனால் 'உள்ளே தேடு' என்பது கோவில் பிரசங்கத்தில் நாங்கள் வழக்கமாகக் கேட்கிற பேச்சு. சார்த்தர் கணக்கில் மனிதனுக்குள் ஒளித்து வைத்த பொருள் ஒன்றும் கிடையாது. அவன் செய்தவற்றின் மொத்தம்தான் அவன்.

வன்னியில் இருக்கிறவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே எத்தனை உளவளப் பயிலரங்குகள்! கண்ணை மூடுங்கோ, மூச்சை இழுத்து விடுங்கோ, சந்தோஷம் உங்களுக்குள்தான் இருக்குது என்பார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கிற தாயும் அந்த வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அப்படியான தாய்மார்தான் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்துக்கு வந்து குந்தினார்கள். சார்த்தர் சொன்னதற்குக் கிட்ட நிற்பது அந்தப் பந்தல்தான்.

1945 ஒக்டோபரில் பரிஸ் நகரில் சார்த்தர் ஆற்றிய உரையில் ஒரு மாணவன் வருகிறான். அண்ணன் 1940 ஜேர்மன் தாக்குதலில் பலியானவன். தகப்பன் எதிரி பக்கம் சாய்கிறார், தாயோடு பிணக்கு. தாய்க்கு மிஞ்சியது இவன் ஒருத்தன். இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவோடு நிற்பதா? 'நீ சுதந்திரமானவன், தெரிவு செய்' என்பதே சார்த்தரின் பதில்.

காலபோகத்தில் பன்றிக் காவலுக்குக் கொட்டிலில் இருந்தபோது ரோர்ச் வெளிச்சத்தில் இதை வாசித்தேன். அன்றைக்கு அதற்கு மேல் பக்கம் புரட்டவில்லை. எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு பெடியன் இல்லாத வீடு எது? தானாகத் தெரிவு செய்து போருக்குப் போனவனும் உண்டு, கேட்டுக் கேள்வியில்லாமல் பிடித்துக்கொண்டு போகப்பட்டவனும் உண்டு. இரண்டாமவனிடம் 'நீ சுதந்திரமானவன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடத்தில் சார்த்தரோடு எனக்கு இன்றும் வழக்கிருக்கிறது.

காம்யுவோடு அவ்வளவு வழக்கில்லை. (மனிதன் தன் தெரிவுகளால்தான் தன்னை ஆக்குகிறான் என்கிற சார்த்தரின் இருத்தலியல் தன்னுடையது இல்லை என்று அவரே மறுத்தவர். கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.) 1942இல் வந்த அவரது நூலில், கிரேக்கப் புராணத்தில் ஓயாமல் கல் உருட்டும் தண்டனை பெற்ற சிசிபஸ் மலையுச்சிக்கு உருட்டிய கல் திரும்பவும் உருண்டு விழும். அதைத் தேடி அவன் கீழே இறங்குகிற நேரத்தில்தான் காம்யுவின் கண் நிற்கிறது. 'எங்களுக்கு ஏன் இப்படி?' என்று கேட்டால் ஊரில் விதி, கிரகபலன், அம்மன் கோபம் என்று பதில்களுக்குப் பஞ்சமில்லை. காம்யுவை வாசித்து, ஒரு பதிலும் வேண்டாம் என்று விட்ட பிறகு எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. அதற்குச் சந்தோஷம் என்று பேர் வைக்கலாமோ தெரியாது. வாய்க்கால் துப்புரவுக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றேன், அவ்வளவுதான்.

அந்த மாணவனின் கதையை உங்கள் பக்கத்தில் முழுதாகப் போடுங்கள். எங்கள் பக்கத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, சார்த்தரின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். வரும் பதில்களையும் வெட்டாமல் போடுங்கள்.

வாசகன்,
ஒட்டுசுட்டான்