மொரிசியஸ் கட்டுரையில் விடுபட்ட நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான மொரிசியஸ் பயணக் கட்டுரை, கடற்கரைகளையும் பழைய கரும்புத் தோட்ட மாளிகைகளையும் நன்றாகவே விவரித்திருந்தது. ஆனால் அம்மாளிகைகளைப் பிரெஞ்சுக் காலத்து அழகு என்ற அளவில் வியந்துவிட்டு, அவற்றைச் சுற்றியுள்ள நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமலே முடிந்துவிட்டது. அத்தீவில் காலனி ஆட்சி விட்டுச்சென்றவற்றுள் கட்டடங்களைவிடக் கனமானது நிலவுடைமைதான் என்பது என் கருத்து.

1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் சொத்திலும் சட்டத்திலும் சமயத்திலும் கைவைப்பதில்லை என்று சரணடைவு உடன்படிக்கையிலேயே ஒப்புக்கொண்டார்கள். 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோதும் இழப்பீட்டுப் பணம் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போயிற்றே தவிர, விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கரும்புக்கு ஆள் வேண்டுமே! 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 இலட்சம் ஒப்பந்தக் கூலிகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் இந்தியர், சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை என்றும், ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது என்றும் எழுதிப் பெருமைப்படும் நாம், அந்தத் தமிழர்கள் எந்த வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அவர்களின் வாரிசுகளில் பலர் பின்னாளில் சிறு நிலங்களை வாங்கினார்கள் என்பதும் உண்மையே. எனினும் பெருந்தோட்டங்களில் கணிசமானவை பழைய குடும்பங்களிடமும் அவர்கள் வழிவந்த நிறுவனங்களிடமும் தங்கிவிட்டன.

இன்றைய சுற்றுலா அந்த நிலத்தின் மேல்தான் நிற்கிறது. அயல்நாட்டார் சொகுசு வில்லாக்கள் வாங்குவதற்கு வழிசெய்யும் திட்டத்தை அரசு 2002இல் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்துவந்த சலுகை விலையும் நின்றுபோனது. தோட்ட நிறுவனங்கள் கரும்பு வயல்களிலேயே விடுதி, கோல்ஃப் மைதானம், வில்லா என்று இறங்கின. தெற்குக் கரையிலுள்ள பெல் ஓம்ப்ர் தோட்டத்தில் சர்க்கரை ஆலை மூடப்பட்டபின் நட்சத்திர விடுதிகள் எழுந்தன. தோட்ட மாளிகை உணவகமாயிற்று. அடிமைகளை வைத்து அத்தோட்டத்தை நடத்திய சார்ல்ஸ் டெல்ஃபேரின் பெயரையே ஒரு விடுதி தாங்கி நிற்கிறது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையின் அடிவாரத்திலும் சொகுசு விடுதிகள்தாம்.

விடுதிகளால் வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, வெளியூர்க்காரர் வருகையை நம்பிக் கடை நடத்தும் மலையில் வாழும் நான் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஏற்காட்டிலும் 1820களில் சேலம் கலெக்டராக இருந்து காப்பிச் செடியைக் கொண்டுவந்த காக்பர்னை 'ஏற்காட்டின் தந்தை' என்கிறோம். எஸ்டேட் பங்களாக்களை வார இறுதிக்கு வாடகைக்கு விடுகிறோம். அவருக்கு வெகுகாலம் முன்பே சேர்வராயனைக் கும்பிட்டு இம்மலையில் உழுது வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. தீவின் கதை எனக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவே காரணம்.

அக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், போர்ட் லூயிஸ் துறைமுகத்திலுள்ள ஆப்ரவாசி காட் பற்றியும் எழுதுமாறு வேண்டுகிறேன். கூலிகள் கரையேறிய படிக்கட்டுகள் அங்கே இன்றும் உள்ளன. 2006இல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. 2023இல் திறக்கப்பட்ட அடிமைமுறை அருங்காட்சியகமும் அதே நகரில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து தேனிலவுக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் போகிறவர்கள் இவ்விரண்டுக்கும் அரை நாள் ஒதுக்கினால் போதும். பயண நிறுவனங்கள் தரும் நிகழ்ச்சி நிரலில் அந்த அரை நாள் பெரும்பாலும் கடைவீதிக்குப் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.