எஸ்தருக்கு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன்பர்க்கிலிருந்து

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஊசி போட்ட பிறகு மூட்டு வலி கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. அதற்காக மறுபடி மாடிப்படி ஏறி வற்றல் காயப்போட ஆரம்பித்துவிடாதே. பேரனுக்குக் கோயம்புத்தூரில் சீட் கிடைத்ததை மகளிடம் சொன்னேன். "நம்ம வீட்டு மீன் தொட்டியை உடைச்சானே, அவனா!" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

இங்கே எல்லோரும் சுகம். மருமகன் வேலை பார்ப்பது ஜேம்ஸ் மேடிசன் யூனிவர்சிட்டியில். பாதி ஊரை அதுவே வளைத்துப் போட்டிருக்கிறது. நீ கேட்டது அதை இல்லையே. "அங்கே மென்னோனைட்டுகள் நடத்தும் காலேஜ் இருக்காமே, அவங்க யாரு, நம்ம சபை மாதிரியா?" என்று கேட்டிருந்தாய். மகள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ஈஸ்டர்ன் மென்னோனைட் யூனிவர்சிட்டி என்று பெயர். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். சாயங்கால நடைக்கு நான் போவதே அந்தப் பக்கம்தான் என்பதால், கேட்டும் படித்தும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

உன் சபை மாதிரி இல்லை. உங்கள் சபை இன்றைக்கும் செய்கிற ஒன்றை மறுத்ததற்காக உயிரை விட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். குழந்தைக்கு என்ன தெரியும், வளர்ந்து தானாக விசுவாசித்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தால் போதாதா என்று 1525 ஜனவரியில் ஜூரிச் நகரில் ஒரு சின்னக் கூட்டம் கிளம்பியது. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை, 'தண்ணீரில்தானே தப்புச் செய்தாய்' என்பது போல, 1527-ல் லிம்மாத் ஆற்றில் கட்டி முக்கிக் கொன்றார்கள். செய்தவர்கள் கத்தோலிக்கர்கள்கூட இல்லை, புராட்டஸ்டன்ட் நகரசபை. ஒன்பது வருஷம் கழித்து நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் இவர்களோடு வந்து சேர்ந்தார். அவர் பெயர்தான் நிலைத்தது. ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை, அரசாங்கம் கூப்பிட்டாலும் சண்டைக்குப் போவதில்லை என்பதில் இவர்கள் பிடிவாதம்.

டிர்க் வில்லெம்ஸ் கதையை உன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1569-ல் நெதர்லாந்தில் சிறையிலிருந்து தப்பி, உறைந்த குளத்தின் மேல் ஓடுகிறார். சிறையில் பட்டினி கிடந்து மெலிந்த உடம்பு, பனி தாங்கிவிட்டது. துரத்தி வந்த காவலன் கனத்தவன், பனி உடைந்து உள்ளே விழுந்துவிட்டான். இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதே கையோடு பிடிபட்டார், எரிக்கப்பட்டார். இதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஓடியிருக்கலாமே என்று.

இந்த ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்கு இவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவிலிருந்து இறங்கி வந்து விவசாயம் செய்தார்கள். 1860-களில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மாட்டிக்கொண்டார்கள். தெற்குப் படை "துப்பாக்கி எடு" என்று பிடித்துப் போனது. வடக்குப் படையின் ஜெனரல் ஷெரிடன் 1864-ல் எதிரிக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று களஞ்சியங்களையும் மில்களையும் கொளுத்திக்கொண்டே போனார். யார் பக்கமும் சேராதவர்களின் களஞ்சியமும் அதில் எரிந்தது. பீட்டர் ஹார்ட்மன் என்ற வாலிபர் அப்போது ஷெரிடன் படையின் பின்னால் வடக்கே போன அகதிக் கூட்டத்தில் ஒருவர். அவரே பின்னாளில், நமக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று முன்னின்ற பெரியவர்களில் ஒருவராக ஆனார்.

நமக்கென்று ஏன்? இதுதான் எனக்கு ருசியான இடம். கல்வி ஆசையால் என்று நினைப்போம். பயத்தால், எஸ்தர். மென்னோனைட்டுகளுக்கு இந்தியானாவில் கோஷன் கல்லூரி ஏற்கெனவே இருந்தது. 1894-ல் எல்க்கார்ட் ஊரில் தொடங்கி, 1903-ல் கோஷனுக்கு மாறியது. அங்கே போன பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு, புதுப் புதுச் சிந்தனையோடு திரும்பி வருகிறார்கள் என்று கிழக்கே இருந்த பிஷப்மாருக்குத் தூக்கம் போயிற்று. அரசுப் பள்ளிக்கு அனுப்பினால் உலகத்தோடு போய்விடுவார்கள், கோஷனுக்கு அனுப்பினால் சபைக்குள்ளேயே கெட்டுப்போவார்கள். பிள்ளைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் சுலபமாக வழி பிறக்கவில்லை. முதலில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் முயன்றார்கள், நிலைக்கவில்லை. எந்த ஊரில் வைப்பது என்பதிலேயே பெரியவர்களுக்குள் இழுபறி. கடற்கரைப் பக்கம் என்று ஒரு கட்சி, இந்தப் பள்ளத்தாக்கு என்று ஒரு கட்சி. நம் தாளாளர்கள் மீட்டிங் ஞாபகம் வருகிறதா? கடைசியில் ஹாரிசன்பர்க் ஓரத்தில் அசெம்பிளி பார்க் என்ற இடத்தை வாங்கி, அங்கிருந்த பழைய வெள்ளை வீட்டில் 1917 அக்டோபரில் வகுப்பு தொடங்கினார்கள். ஜே.பி. ஸ்மித் முதல் பிரின்சிபால்.

தேதியைப் பார். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது அந்த வருஷம் ஏப்ரலில். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் மே மாதம். இவர்கள் வீட்டுப் பையன்களைப் பிடித்துப் போய் முகாமில் யூனிஃபார்ம் போடச் சொல்ல, மாட்டேன் என்று நின்றவர்களை இம்சை செய்த காலம். ஜெர்மன் வம்சம் வேறு. அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்திருக்கிறார்கள்.

அன்றைய விதிகள் நம் ஹாஸ்டல் வார்டன் அம்மாவையே மிஞ்சும். ஆண்கள் காலர் மடிப்பு இல்லாத கோட்டு, டை கூடாது. பெண்கள் தலையில் முக்காட்டுத் தொப்பி, மேலே ஒரு துண்டு தைத்த கவுன். இசைக் கருவி எதுவும் ஆகாது. பியானோ, ஆர்கன் எதுவும் கிடையாது, வெறும் குரலில் நான்கு பாகமாகப் பாடுவார்கள். தடையே ஒரு வித்தையாகிவிட்டது. இன்றைக்கும் மென்னோனைட் கூட்டத்தில் உட்கார்ந்தால் யாரும் பயிற்சி கொடுக்காமலே அரங்கம் முழுக்க பேஸ் என்கிற கனத்த குரலும் சோப்ரானோ என்கிற உச்சக் குரலும் பிரிந்து வருகிறது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய்க் கேட்டேன். நீ இருந்திருக்க வேண்டும், ஆல்டோவில் ஒட்டிக்கொண்டிருப்பாய்.

ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு நினைத்த இடத்தில் நிறுத்திவைக்க யாரால் முடிந்தது? பிராக்பில் என்று ஒரு வாத்தியார், வானியல் பைத்தியம். குன்றின் மேல் நட்சத்திரம் பார்க்க ஒரு கூடம் எழுப்பினார். தரையை மட்டும் பார்த்து நடக்கச் சொன்ன இடத்தில் தொலைநோக்கி! 1947-ல் பள்ளி நாலு வருஷக் கல்லூரியானது, 1959-ல் அங்கீகாரம், 1965-ல் போதகர் படிப்புக்கான செமினரி, 1994-ல் யூனிவர்சிட்டி. இந்த வரிசை உனக்கு முக்கியமில்லை. 1948 முக்கியம்.

வர்ஜீனியாவில் அப்போது கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பள்ளி தனித்தனி. இவர்கள் சபை அதற்கு மேலே இல்லை. 1940-ல் திருவிருந்து, கால் கழுவுதல் போன்ற சடங்குகளைக்கூட இரு இனத்தாருக்கும் தனியே வைப்பது என்று முடிவெடுத்தவர்கள்தான். கால் கழுவுவதில் பிரிவினை! கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிக்குச் சாதி இடம் கேட்ட ஊர்க்காரர்களான நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 1948-ல் கல்லூரி கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த மாநிலத்தின் வெள்ளையர் கல்லூரிகளில் முதலில் இப்படிச் செய்தவற்றில் இதுவும் ஒன்று. பிறகு 1955-ல் சபையும் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. கல்லூரி முந்திக்கொண்டது, சபை ஏழு வருஷம் கழித்து வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதம் ஏந்த மறுத்தவர்களுக்கு அரசாங்கம் மாற்று வேலை கொடுத்தது. சுமார் 12,000 பேர். பக்கத்தில் க்ரோட்டோஸ் ஊரிலேயே ஒரு முகாம் இருந்தது, மண் அரிப்பைத் தடுக்கிற வேலை. பலரை மனநல மருத்துவமனைகளுக்கு உதவியாளராக அனுப்பினார்கள். அங்கே நோயாளிகளை வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு வந்து வெளியில் சொன்னதும் இவர்கள்தான். 'சண்டை போட மாட்டேன்' என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், 'அப்படியானால் என்ன செய்வாய்?' என்ற கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தது அப்போதிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பதில்தான் இன்றைக்கு இந்தச் சின்னக் கல்லூரியை உலகத்துக்குத் தெரிய வைத்திருக்கிறது. நிகராகுவாவில் அரசுக்கும் மிஸ்கிடோ பழங்குடிகளுக்கும் நடுவில் சமரசத்துக்கு உழைத்த ஜான் பால் லெடராக் 1994-ல் இங்கே சமாதானத்துக்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கினார். ஹோவர்ட் ஜெர் பின்னால் வந்து சேர்ந்தார். குற்றம் செய்தவனையும் பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்து, 'யாருக்கு என்ன நஷ்டம், அதை எப்படி ஈடுகட்டுவது' என்று கேட்கிற நீதிமுறைக்கு அவரைத் தாத்தா என்கிறார்கள். பின்னாளில் சோமாலியாவின் ஜனாதிபதியான ஹசன் ஷேக் முகமது 2001-ல் இங்கே கோடைக்கால வகுப்புக்கு வந்துபோனவர்.

லைபீரியாவின் லேமா போவீ கதை உனக்குப் பிடிக்கும். உள்நாட்டுப் போர் முடியட்டும் என்று 2003-ல் தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தைப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட பெண்களைத் திரட்டி, வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்தே. பேச்சுவார்த்தை கானாவில் இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயே போய் மண்டப வாசலை மறித்துவிட்டார்கள். கையெழுத்தாகாமல் ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று. அப்புறப்படுத்த வந்தவர்களிடம், துணியை அவிழ்த்துவிடுவேன் என்றாராம் லேமா. காவலர்கள் பின்வாங்கினார்கள். பெற்ற தாயின் வயதுள்ளவள் அப்படிச் செய்வது அங்கே பெரிய சாபம். 2007-ல் இங்கே எம்.ஏ. முடித்தார், 2011-ல் நோபல். சந்தையில் உட்கார்ந்த பிறகுதான் பட்டம் என்பதைக் கவனி. கல்லூரி அவரை உண்டாக்கவில்லை, வந்து சேர இடம் கொடுத்தது.

இப்போது அந்தக் கோடைக்கால வகுப்பு நடக்கிறது. வளாகத்து பெஞ்சில் ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி நோட்டைக் காட்டினாள். ஒரு மரம் வரைந்திருந்தாள். வேரில் காரணம், தண்டில் சண்டை, கிளையில் விளைவு. அவள் ஊரில் மேய்ச்சல் நிலத்துக்காக நடக்கும் சண்டையாம். வேர்ப் பக்கம் எழுதி எழுதி இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள். நாம் டீச்சர் ட்ரெயினிங்கில் சார்ட் போட்டோமே, அதே கலர் பென்சில்.

எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிடாதே. 2015-ல், ஒரே பாலினத்தில் மணம் முடித்தவர்களையும் வேலைக்கு எடுப்போம் என்று இவர்களும் கோஷனும் அறிவித்தார்கள். 'இவர்கள் இருந்தால் நாங்கள் இல்லை' என்று வேறொரு கல்லூரி கிறிஸ்தவக் கல்லூரிகளின் கூட்டமைப்பை விட்டுப் போனது. பிறகு இவர்களே விலகிக்கொண்டார்கள். எந்தக் கோஷனைப் பார்த்து பயந்து இதைக் கட்டினார்களோ, அதோடு கைகோத்து! 1917 பிஷப்மார் எழுந்து வந்தால் என்ன சொல்வார்கள் என்று சிரிப்பு வந்தது. ஆனால் கூட்டம் ஒரு பக்கம் போகும்போது இன்னொரு பக்கம் நிற்கிற குணம் அவர்களிடமிருந்து வந்ததுதானே.

பழைய வழியை விடாத மென்னோனைட்டுகளும் பக்கத்தில் டேட்டன் பக்கம் இருக்கிறார்கள். குதிரை வண்டிதான். மளிகைக் கடை வாசலில் காருக்கு ஒரு பக்கம், குதிரை கட்ட ஒரு பக்கம். ரோட்டில் சாணியைத் தாண்டித்தான் போக வேண்டும், நம் ஊர் போலவே. இவர்களும் அவர்களும் ஒரே மரபு, ஒரே குடும்பப் பெயர்கள்கூட.

ஏட்டி, கடிதம் நீண்டுவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். என்ன வாங்கி வரட்டும் என்று எழுது. சாக்லேட் என்று மட்டும் சொல்லாதே, உனக்குச் சர்க்கரை.

அன்புடன்,
செண்பகம்