மோஸ்பியின் கதை 1865-இல் முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம் போரிட்ட குதிரைப்படை வீரர் ஜான் சிங்கிள்டன் மோஸ்பியைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1863 மார்ச்சில் ஃபேர்ஃபாக்ஸ் நகருக்குள் இரவில் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த வடக்குப் படையின் ஜெனரல் ஸ்டாட்டனைப் படுக்கையோடு பிடித்த கதை விறுவிறுப்பாகவே இருந்தது. ஆனால் 1865-இல் படையைக் கலைத்ததோடு கட்டுரையும் கலைந்துவிட்டது. அதன் பிறகு அவர் 51 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரைப் பற்றி எழுத வேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

அவர் வக்கீலான விதத்தையும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தன்னை அடிக்க வந்த ஒரு முரடனைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்திச் சிறைக்குப் போனவர் மோஸ்பி. அங்கே அவருக்குச் சட்டப் புத்தகங்களைக் கொடுத்து உதவியவர், அவருக்கு எதிராக வாதாடிய அதே அரசு வழக்கறிஞர் ராபர்ட்சன்! 1853 டிசம்பரில் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். ஈராண்டுக்குள் மோஸ்பி வக்கீல்.

கட்டுரையில் மனைவி பாலினின் பெயரே இல்லை. கென்டக்கியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். தந்தை பெவர்லி கிளார்க் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். 1857-இல் நாஷ்வில்லில் திருமணம். போர் நடந்த காலத்திலும் கணவர் இருந்த பகுதிக்கே வந்து தங்கினார். 1863 ஜூனில், ஹாத்வே குடும்பத்தாரின் வீட்டில் இருவரும் இருந்த இரவில் வடக்குப் படை சுற்றி வளைத்தது. மோஸ்பி ஜன்னல் வழியே வெளியேறி மரக்கிளையில் ஒளிந்துகொண்டார். வீரர்கள் அறைக்குள் நுழைந்து தேடியபோது அவர்கள் எதிரே இருந்தவர் பாலின்தான். மரத்திலிருந்தவரின் துணிச்சலைப் பேசுபவர்கள் அறைக்குள் இருந்தவரையும் கொஞ்சம் நினைக்கலாம்.

போர் முடிந்த பிறகும் மோஸ்பியால் நிம்மதியாக வக்கீல் தொழில் நடத்த முடியவில்லை. எந்த நேரமும் கைதாகலாம் என்ற நிலை. பாலின் வாஷிங்டனுக்குப் போனார். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பாலினின் தந்தையை அறிந்தவர், ஆனாலும் உதவவில்லை. அடுத்து, தென்பகுதியைத் தோற்கடித்த தளபதி கிராண்டிடமே போய் நின்றார். கணவரைக் கைது செய்யக் கூடாது என்று கிராண்ட் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். 1872 ஜனாதிபதித் தேர்தலில் மோஸ்பி ஏன் கிராண்டை ஆதரித்தார் என்பதற்கு அரசியல் காரணங்கள் பல சொல்வார்கள். இந்தக் காகிதத்தை விட்டுவிட்டு அதை விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆதரவுக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. நேற்றுவரை தலையில் வைத்துக் கொண்டாடிய வர்ஜீனியா அவரைத் துரோகி என்றது. கொலை மிரட்டல்கள் வந்தன, வழக்குகள் குறைந்தன. 1876-இல், பிரசவத்துக்குப் பின் பாலின் இறந்தார். பிள்ளைகளை உறவினர்களின் பொறுப்பில் விட்டுவிட்டு, அமெரிக்கத் துணைத் தூதராக (கான்சல்) ஹாங்காங் சென்றார் மோஸ்பி. துணைத் தூதரகத்தில் நடந்துவந்த கட்டண ஊழலை அம்பலப்படுத்தி, அங்கேயும் விரோதிகளைச் சம்பாதித்துக்கொண்டார். 1885-இல் ஆட்சி மாறிப் பதவி போனபோது, புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த கிராண்ட் எழுதிய பரிந்துரையால்தான் சதர்ன் பசிபிக் ரயில்வேயில் வக்கீல் வேலை கிடைத்தது.

இனி என் முக்கிய ஆட்சேபம். 'மாநில உரிமைக்காக நடந்த போர்' என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். மோஸ்பியே அதை ஒப்புக்கொள்ளமாட்டார். அடிமைமுறையைத் தவிர வேறு காரணத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று 1894-இல் கடிதம் எழுதியவர் அவர். 1907-இல் தம் பழைய படைத்தோழர் சாமுவேல் சாப்மனுக்கு எழுதியதிலும் அதையே சொன்னார். அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதாகத் தென் கரோலினா மாநிலம் வெளியிட்ட பிரகடனத்தையே சாட்சிக்கு இழுத்தார். தென்பகுதியின் பழைய தளபதிகள் பலர் காரணத்தை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அதற்காக அவரை உத்தமராக்கவும் நான் தயாரில்லை. அதே 1907 கடிதத்தில், அடிமைமுறையின் பக்கம் நின்று போரிட்டதற்கு வெட்கப்படவில்லை என்றும், போரின் நியாய அநியாயத்துக்குப் போர்வீரன் பொறுப்பல்ல என்றும் எழுதினார். வக்கீல் வாதம்! பிரிவினை கூடாது என்று 1861-க்கு முன் பேசியவர், எதற்காகப் போர் என்று தெரிந்தே போனவர். அவர் குடும்பத்தின் அடிமையான ஆரன் பர்ட்டனும் போர்க்காலத்தில் அவருடன் இருந்தார். பிற்காலத்தில் மோஸ்பி அவருக்குப் பணம் அனுப்பிவந்தார் என்பது உண்மை. ஆனால் போருக்கு வர விருப்பமா என்று ஆரனை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

'மாநில உரிமை' என்ற வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இடம் இருந்தால், பாலினைப் பற்றித் தனியாக ஒரு பக்கமும் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை