தொட்டி நன்றாக இருக்கிறது, ராமு

சிவமயம்

சிரஞ்சீவி ராமுவுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் ஆத்தாவுக்கு முழங்கால் வலிதான், அது பழைய கதை. மீனாவைக் கேட்டதாகச் சொல்.

தொட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. நீ விட்டுப்போன எட்டு மீன் இப்போது இருபதுக்கு மேல். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ரெண்டு நத்தைக் கூட்டுக்குள் போய்விடுகிறது. பருப்பு வேகாத தண்ணி என்று உன் ஆத்தா திட்டுகிற நம் போர் தண்ணிதான் இதுகளுக்குப் பிடித்திருக்கிறது. இதுகளின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியும் அப்படிப்பட்ட கடினத் தண்ணிதான் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த ஏரியடியில் நியோதௌமா நத்தையின் காலிக்கூடுகள் குவியல் குவியலாகக் கிடக்கிறதாமே. இங்கே கூடு போதாமல் அடித்துக்கொண்டதால் கண்மாயில் பத்துப் பொறுக்கி வந்து, வேகவைத்துக் கழுவிப் போட்டேன். மறுநாளே ஒரு பொட்டை, மூணு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம், வாயால் மணலை அள்ளி அள்ளிக் குழி பறித்துத் தன் கூட்டைத் தோதாக ஆக்கிக்கொண்டது. அள்ளின மணலை எங்கே துப்பியது என்கிறாய்? பக்கத்துக் கூட்டு வாசலில்!

நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாடு வேண்டாம். போன் எடுக்காததைக் குறை சொல்லவில்லை, வேலை இருக்கும். உன் சம்பளத்தில் பாதியை நான் முப்பது வருஷ உத்தியோகத்தில் பார்த்ததில்லை, ஊரில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். ஆனாலும் மூணு மாதமா ஒரே வேலையா?

போன செவ்வாய்க்கிழமை பிள்ளையார்பட்டி போயிருந்தேன். கூட்டமில்லை. பிரகாரத்தில் ஒரு பிள்ளை, "நல்லா இருக்கீகளா மாமா" என்று கேட்டது. நல்லா இருக்கேன் என்றேன். மெலிந்திருந்தது. எப்போது வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உன் ஆத்தாவிடம் கூடச் சொல்லவில்லை.

சரி, மீனுக்கு வருகிறேன். மணல் துப்பினதுக்கு அந்த ரெண்டு பொட்டைக்கும் சண்டை. வாயைத் திறந்துகொண்டு ஒன்றை ஒன்று விரட்டுகிறது. பெரிய ஆண் இருக்கிறதே, பெரிசு என்றால் நாலு சென்டிமீட்டர், அது எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றது. ரெண்டும் அவரவர் கூட்டுக்குள் போனபிறகுதான் நகர்ந்தது. நாலைந்து தரம் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தரமும் அப்படித்தான்.

நான் என்ன செய்தேன், ராமு? அடுப்படியில் உன் ஆத்தா, மீனா ரெண்டு பேர் குரலும் ஏறும்போதெல்லாம் முகப்பில் உட்கார்ந்து பேப்பரில் படித்த பக்கத்தையே படித்தேன். நீ ஒரு நாள் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாய். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

கல்யாணமான மறு வருஷமே உங்களை வேறு வைத்திருக்க வேண்டும். ஐயா எங்களை அப்படித்தானே வைத்தார், அரிசி பருப்பு அளந்து கொடுத்து, தனி அறை, தனி அடுப்பு. ஒரே வளவு, அவரவர் உலை. ஒரே பிள்ளைக்கு எதற்குத் தனி அடுப்பு என்றாள் உன் ஆத்தா, நானும் தலையாட்டினேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

இதுகள் குஞ்சு பெரிசானாலும் விரட்டுவதில்லை. பக்கத்திலேயே ஒரு கூடு பார்த்துக்கொள்கிறது.

மேலப்பக்கத்து அறைச் சாவியைத் தேடியெடுத்து எண்ணெய் போட்டுத் திறந்தேன். உள்ளே பல்லி முட்டைதான். கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார், அடுப்பு மேடையை எந்தச் சுவரில் வைக்கட்டும்?

அப்புறம் மீன் தீனி, அந்த ஆர்ட்டீமியா, தீரப்போகிறது. காரைக்குடியில் கேட்டேன், கிடைக்கவில்லை. நீ எங்கே வாங்குவாய் என்று சொல். எழுத வேண்டாம், போனில் சொல். ராத்திரி எந்நேரமானாலும் சரி, நான் தொட்டிப் பக்கத்தில்தான் படுக்கிறேன்.

அப்பச்சி