பழைய பாட்டு இல்லாமல் புதிய பாட்டா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உலக இலக்கியத் தாளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ‘பாடச்சுமை’ என்று சொல்லிச் சீனக் கவிதை அலகிலிருந்து நீங்கள் எடுத்துவிட்ட நாட்டுப்பாடல் பகுதியைத் திரும்பச் சேர்க்கும்படி மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லாததால் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் என் மாணவி ஒருத்தி விடைத்தாள் நகலோடு வந்து நின்றாள். சீனப் புதுக்கவிதையின் தோற்றம் பற்றி 10 மதிப்பெண் கேள்வி. மேலைக் கவிதையின் தாக்கத்தைச் சொல்லிவிட்டு, கவிஞர் லியு பன்னோங் பெய்ஜிங் போகும் வழியில் தன் ஊரான ஜியாங்யின் படகுக்காரர்களின் பாட்டுகள் இருபதைக் கேட்டு எழுதிக்கொண்டதையும், 1918இல் பெய்ஜிங் பல்கலைக்கழகம் நாட்டுப்பாடல் சேகரிக்க அறிவிப்பு விட்டதையும், 1926இல் அவரே ஜியாங்யின் பேச்சுமொழியில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டதையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. ஓரத்தில் ‘பாடத்தில் இல்லை’. மதிப்பெண் 2.

“தப்பா எழுதிட்டேனா சார்?” என்றாள். என்ன சொல்லட்டும்?

திருத்தியவரைக் குறை சொல்லமாட்டேன். விடைக்குறிப்பு உங்களுடையது.

நீங்கள் விட்டுவைத்ததையும் இப்போது ஒழுங்காக நடத்த முடியவில்லை. தாங் காலக் கவிஞரும் அரசு அதிகாரியுமான பை ஜூயியின் கரி விற்கும் கிழவர் இன்னும் பாடத்தில் இருக்கிறார். உடம்பில் மெல்லிய துணி. ஆனாலும் கரி விலை இறங்கிவிடக் கூடாதே என்று, இன்னும் குளிரட்டும் என வேண்டுகிறார். அரசு அதிகாரி ஒருவர் இப்படி எழுதும் துணிவுக்குப் பின்னால் அவருக்கு முந்தைய ஹான் காலத்து யுவேஃபு என்ற நாட்டுப்பாடல்கள் இருக்கின்றன. இந்தக் கவிதையையும் சேர்த்து 809இல் எழுதிய ஐம்பது கவிதைகளுக்கு அவர் வைத்த பெயரே ‘புதிய யுவேஃபு’. பழையது எது என்று சொல்லாமல் புதியதை எப்படி நடத்துவது?

யுவேஃபு என்பது முதலில் பாட்டுகளைச் சேகரித்த அரசு அலுவலகத்தின் பெயர். பொ.ஆ.மு. 7இல் ஹான் பேரரசர் ஐ அதைக் கலைத்து, 829 பேரில் 441 பேரை வீட்டுக்கு அனுப்பினார். அவருக்கும் ஏதாவது ‘பாடச்சுமை’ இருந்திருக்கும். அடுத்த திருத்தத்தில் சீனாவின் மிகப் பழைய பாட்டுத் தொகுப்பான ஷிஜிங்கின் 305 பாடல்களில் ‘நாடுகளின் பாடல்கள்’ என்ற நாட்டுப்பாடல் பகுதியின் 160ஐயும் எடுத்துவிடுங்கள், சுமை பாதியாகிவிடும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். அந்தப் பகுதியைத் திரும்பச் சேருங்கள். முழுசாக வேண்டாம், நான்கு பக்கம் போதும். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வரும் வெள்ளி கடைசி நாள். அதற்குள் விடைக்குறிப்பையாவது திருத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தத் தாளை நடத்தும் ஓர் ஆசிரியர்